மாயவரத்துத் தாடை ஊசி

காலையில் எழுந்ததும் தாடையைத் தடவிக்கொண்டே காபி டம்ளரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் என் வாய் சும்மா இருப்பதில்லை. “ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்காவாக இருந்தாலும் சரி, ஸ்டாஃப் ரூமுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியாராக இருந்தாலும் சரி. ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது, அவர்களை விடவே மாட்டேன். இதற்கு ஊசி இருக்கிறது, நம் மாயவரத்திலேயே இருக்கிறது, பல் டாக்டரே போடுகிறார், நான் போட்டுக்கொண்டேன், உடம்பே லேசாகிவிட்டது என்று சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும். இவ்வளவு நல்ல சங்கதியை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். நாள் முழுக்கப் பேசுவதுதான் பிழைப்பு. சில வருஷமாகவே காலையில் வாயைத் திறந்தால் காதோரம் ‘டக்’கென்று ஒரு சத்தம். கூடவே ஒரு வலி காதுக்குள் இறங்கி, நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறும். இரண்டாவது பீரியடுக்குள் கன்னம் இரண்டும் கனத்துவிடும். செய்யுளை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுக்க ஆசைதான், வாய் அந்த அளவுக்குத் திறந்தால்தானே! காது டாக்டரிடம் போனேன், காதில் ஒன்றும் இல்லை என்றார். தலைவலிக்காகக் கண்ணாடியை மாற்றினேன். மாமியார் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ராத்திரியில நீ நறநறன்னு பல்லு அரைக்கிற சத்தம் கூடத்துக்கே கேக்குதும்மா. வயித்துல பூச்சி இருக்கும், மருந்து சாப்பிடு.” பூச்சி மருந்தும் சாப்பிட்டாயிற்று. பல்லைக் கடிக்கிற பிள்ளைக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டே. பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் மாமியார் காதில் விழுந்தது நிஜம். அந்தச் சத்தம்தான் என் நோய்.

ஒரு தீபாவளிச் சமயம், அடைத்து வைத்திருந்த கடைவாய்ப் பல்லின் மூலை சீடையோடு சேர்ந்து உடைந்து வந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஊருக்குள்ளேயே இருக்கும் எங்கள் பல் டாக்டரம்மாவிடம் போனேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1980-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி இந்தக் காவிரிக் கரைக்குக் கொடுத்த பல் டாக்டர்கள்தான் எத்தனை பேர்! உடைந்த பல்லைப் பார்த்த கையோடு அவர் ஊசியோ மிஷினோ எடுக்கவில்லை. என் பின்பக்கம் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் என் கன்னங்களில் வைத்தார்.

“பல்லைக் கடிங்க டீச்சர். ம்ம்… விடுங்க. இன்னொரு தடவை கடிங்க.”

கடிக்கும்போதெல்லாம் தாடைக் கோணத்துக்கு மேலே கன்னத்தில் ஒரு முண்டு எழும்பி அவர் விரலை முட்டித் தள்ளுவது எனக்கே தெரிந்தது. அதன் பெயர் மாசெட்டர். கன்ன எலும்பில் தொடங்கித் தாடையின் மூலையில் வந்து ஒட்டும் தசை. மெல்லுவதற்கு இருக்கிற தசைகளில் பலசாலி அதுதான். பகலெல்லாம் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் உழைத்துவிட்டு இரவில் ஓய்வெடுக்க வேண்டியது, எனக்கு இரவிலும் ஓவர்டைம் பார்த்திருக்கிறது. நாக்கை நீட்டச் சொல்லிக் கண்ணாடியில் காட்டினார். நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடம். கன்னத்தின் உட்பக்கம் பல்வரிசை சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. முன்பற்களின் நுனி தேய்ந்து சமமாக இருந்தது. “உங்க காதுல ஒண்ணும் இல்லை, கண்ணுலயும் இல்லை. எல்லாத்துக்கும் இந்தத் தசைதான் மூலம்” என்றார். எத்தனை காலமாக அலைந்த கேள்விக்கு ஐந்து நிமிஷத்தில், கையால் தொட்டே விடை சொல்லிவிட்டார்! அந்த நாற்காலியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேராக ஊசிக்கு அவர் போகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், அதற்காகவே அவரை இன்னும் பிடித்துப்போனது. குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு முட்டுகிறதா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ராத்திரி எத்தனை மணிக்குக் கடைசிக் காபி என்று கேட்டார். இவை எல்லாமே பல் கடிப்பைத் தூண்டக்கூடியவை. வாய்க்கு அளவெடுத்து நைட் கார்டு செய்து கொடுத்தார். தூங்கும்போது பற்களுக்கு நடுவே போட்டுக்கொள்ளும் உறை அது. வெந்நீர் ஒத்தடம், தாடையைத் தளர்த்தும் பயிற்சி, சாயங்காலத்துக்குப் பிறகு காபி கூடாது. பல் தேய்வது நின்றது. வலி மட்டும் முழுசாகப் போகவில்லை. தசை அப்படிப் புடைத்து இறுகிவிட்டிருந்தது. அப்போதுதான் போடாக்ஸ் என்ற பேச்சை எடுத்தார்.

போடாக்ஸ் என்றால் சினிமாக்காரர்கள் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்வது என்றுதான் நம்மில் பலருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் போட்டுலினம் டாக்சின். இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்ததில் எனக்கு இந்த மருந்தின் மேல் ஒரு காதலே வந்துவிட்டது. 1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கெட்டுப்போன இறைச்சியைத் தின்று கைகால் விழுந்து செத்தவர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர் கவிஞரும்கூட, அந்த நாட்டு இலக்கியத்தில் பேர் பெற்றவர். நஞ்சைத் தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்து, உடம்பில் என்ன நடக்கிறது என்று எழுதி வைத்தார். அளவோடு கொடுத்தால் அடங்காத நரம்புகளை அடக்க இது மருந்தாகும் என்று அன்றைக்கே யோசித்தவர். ஒரு கவிஞருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும் என்று தமிழ் வாத்தியார் என்ற முறையில் நான் அடித்துச் சொல்வேன்.

1895-ல் பெல்ஜியத்தில் எல்செல் என்ற கிராமத்தில் துக்க வீட்டுக்கு வாசிக்கப் போன பாண்டு வாத்தியக்காரர்கள், அங்கே பரிமாறிய பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த இறைச்சியை வாங்கிச் சோதித்துத்தான் வான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி இந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு சான்பிரான்சிஸ்கோவில் கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு அந்த நஞ்சை ஊசியாகப் போட ஆரம்பித்தார். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கனடாவில் வான்கூவரில் ஒரு தம்பதி, மனைவி ஜீன் கருதர்ஸ் கண் டாக்டர், கணவர் அலஸ்டேர் தோல் டாக்டர். இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் நெற்றிக் கோடுகளும் மறைந்ததைக் கவனித்துத்தான் ஜீன் அம்மையார் அழகுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று கண்டார். 1992-ல் அவர்கள் கட்டுரை வந்தது. ஆக, வலிக்கும் நோய்க்கும் வந்த மருந்துதான் இது, அழகு பின்னால் கூட வந்தது. என் முகத்திலும் அதே வரிசையில்தான் நடந்தது.

எப்படி வேலை செய்கிறது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவருடைய அப்பா விவசாயி, விளக்கமும் வயல் பாஷையிலேயே வந்தது. நரம்பிலிருந்து தசைக்கு ‘சுருங்கு’ என்கிற சேதியை அசிடைல்கோலின் என்ற ரசாயனம் கொண்டுபோகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வயலுக்குள் பாயும் மடையை மட்டும் இந்த மருந்து அடைத்துவிடுகிறது. மூன்று நாலு மாசத்தில் மடை தானாகத் திறந்துகொள்ளும். நரம்பு சாவதில்லை, தசை கெடுவதில்லை. மரத்துப்போவதும் இல்லை, தொட்டால், சூடு பட்டால் எல்லாம் தெரியும். முழுசாகச் செயலிழக்கச் செய்வதும் நோக்கமில்லை. அதன் முரட்டுப் பலத்தைக் குறைக்கிற அளவுக்குத்தான் மருந்து. மெல்லுவதற்கு வேறு தசைகளும் இருக்கின்றன. ஒன்றை அவர் மறைக்காமல் சொன்னார்: தூக்கத்தில் பல்லைக் கடிக்க வேண்டும் என்கிற உத்தரவு மூளையிலிருந்து வருவது, அதை இந்த ஊசி நிறுத்தாது. கடிக்கிற வேகத்தையும் பலத்தையும் தணிக்கும். பல் கடிப்புக்கென்று அமெரிக்காவில்கூட இதற்குத் தனி ஒப்புதல் இல்லை, டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள் என்றும் சொல்லி, எல்லாவற்றையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற டாக்டரிடம் தாடையைக் கொடுக்க என்ன தயக்கம்!

அந்த நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். பிரிட்ஜிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குப்பி. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து. என் கண் முன்னாலேயே லேபிளைக் காட்டி, தேதியைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அடியில் லேசாக ஒரு வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். சலைன் தண்ணீரை மெதுவாக விட்டு, குலுக்காமல் சாய்த்துச் சாய்த்துக் கரைத்தார். சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி இருக்கிறதே, அந்த மெல்லிய ஊசியில் எடுத்தார். புருவ மை பென்சிலால் என் காதடியிலிருந்து உதட்டோரம் வரை ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாதாம், அங்கே உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. ரொம்ப முன்னால் வந்தாலும் கூடாது, சிரிக்கிற தசையில் பட்டுச் சிரிப்பு ஒரு பக்கம் கோணிவிடும். மறுபடியும் பல்லைக் கடிக்கச் சொல்லி, முண்டு எழும்பும் இடத்தில் மட்டும் புள்ளிகள் வைத்தார். சுருக்கென்று ஒரு குத்து, ஐஸ் ஒத்தடம், அடுத்த புள்ளி. இரண்டு பக்கமும் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பல் பிடுங்க ஈறில் போடும் ஊசியில் கால்வாசி வலிகூட இல்லை!

நாலு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, கன்னத்தைத் தேய்க்கக் கூடாது, அன்றைக்கு ஃபேஷியல் கீஷியல் எதுவும் ஆகாது. பொதுவாகப் பக்கத்துக்கு இருபதிலிருந்து முப்பது யூனிட் வரை போடுவார்களாம். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒரே அளவு இல்லை. அதனால் எந்தப் பிராண்டு, எத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடனே ஒன்றும் தெரியாது. நாலைந்து நாளில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் என்றார். அப்படியேதான் வந்தது. முதலில் சப்பாத்தியை மெல்லக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் இட்லியும் குழைந்த சாதமுமாக ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, குளித்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில்தான் உறைத்தது: தாடை என்று ஒன்று இருப்பதே இன்றைக்கு நினைவுக்கு வரவில்லையே! அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! நெற்றிப்பொட்டில் வலி இல்லை. காதில் குத்தல் இல்லை. அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுள் முழுவதையும் ராகம் போட்டுப் பாடினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கவில்லை. டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை, துண்டு போட்டுத்தான் தின்றேன். ஆனால் காளியாக்குடி ஓட்டலில் நெய் ரோஸ்டை, மொறுமொறுப்பான ஓரம் உட்பட, ஒரு விள்ளல் விடாமல் சாப்பிட்டேன். அந்த ருசி இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது! மாமியாரும் இப்போது கூடத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நான் கேட்காமலேயே வந்த வரம் ஒன்று. புடைத்த தசை ஓய்வெடுக்க எடுக்கத் தானாகக் கொஞ்சம் வற்றும். சில வாரத்தில் என் முகம் மாறியது. தாடையின் இரண்டு மூலையிலும் இருந்த சதுரம் போய், காலேஜ் போட்டோவில் இருந்த வளைவு திரும்ப வந்தது. “இளைச்சுட்டீங்களா டீச்சர்?” என்று கேட்காதவர் இல்லை. கொரியாவிலும் மற்ற கிழக்காசிய ஊர்களிலும் முகத்தின் இந்த மென்மைக்காகவே இதைப் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். வலி போகப் போட்ட ஊசி முகத்தையும் அழகாக்கிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

என்னைப் பார்த்துத்தான் என் அண்ணன் மகள் வந்தாள். பரதம் ஆடுகிற பெண், மயூரநாதர் கோயிலில் சிவராத்திரிக்கு நடக்கும் மயூர நாட்டியாஞ்சலியில் ஆட வேண்டும் என்று கனவு. சிரித்தால் மேல் ஈறு பட்டையாகத் தெரியும், அதனால் சின்ன வயசிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டே சிரிப்பாள். “அத்தை, எனக்கும் ஏதாவது பண்ணுவாங்களா?” என்று கேட்டாள். டாக்டரம்மா முதலில் காரணம் தேடினார். மேல் தாடை எலும்பே நீளமாக இருந்தால் ஊசியால் பயனில்லை, அதற்கு வேறு வைத்தியம். ஈறு பல்லின் மேல் இறங்கியிருந்தால் ஈறைச் சீராக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கும் தசை அளவுக்கு மீறி இழுத்தால்தான் ஊசி. இவளுக்கு மூன்றாவது வகை. மூக்கின் பக்கவாட்டில், உதட்டைத் தூக்கும் தசைகள் கூடும் இடத்தில் ஒரு புள்ளி. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் தசைகளை அறுத்துப் பார்த்து அளந்து, 2009-ல் வெளியிட்ட இடம் அது. அதை ‘யோன்செய் புள்ளி’ என்றே சொல்கிறார்கள். அவள் அபிநயம் பிடிக்கிறவள் என்பதால் டாக்டரம்மா மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து அவள் சிரித்தபோது பல்வரிசை மட்டும் தெரிந்தது. கை வாய்க்குப் போகவில்லை. அண்ணி அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். நவரசத்தில் ஒன்றும் குறையவில்லை என்று அவளுடைய நாட்டிய டீச்சர் சான்றிதழ் கொடுத்தார்!

பல் டாக்டர்கள் இந்த ஊசியைப் போடலாமா என்று நாட்டில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தோல் டாக்டர்களில் பலர் கூடாது என்கிறார்கள். நெற்றிச் சுருக்கம், கண்ணோரக் கோடு என்று வந்தால் அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கலாம். எங்கள் டாக்டரம்மாவும் அதற்கு வருகிறவர்களைத் தோல் டாக்டரிடமே அனுப்பிவிடுகிறார். ஆனால் தாடைக்கும் மெல்லும் தசைக்கும் உதட்டுக்கும் பல் டாக்டரைவிடப் பொருத்தமானவர் யார்? கடி எப்படி விழுகிறது, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, மூட்டில் சத்தம் எப்போது வருகிறது என்று தினம் தினம் பார்க்கிறவர் அவர்தானே. முகத்து நரம்பை ஒவ்வொன்றாகப் படித்து, ஊசி பிடித்துப் பழகிய கை. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. பியூட்டி பார்லரில் சலுகை விலைக்குப் போடுகிறார்கள் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். இது நானோகிராம் கணக்கில் அளந்து கொடுக்க வேண்டிய நஞ்சு.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் போட மாட்டார்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. மூன்று மாசம் ஆவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு மறுபடி போட்டுக்கொண்டால் உடம்பு மருந்துக்கு எதிர்ப்பைப் பழகிக்கொள்ளக்கூடும். வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடுவது தாடை எலும்பை மெலியச் செய்யுமா என்பதை இன்னும் ஆராய்கிறார்கள், அதனால் தேவைப்பட்டால் மட்டும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் கட்சி. நாயனம், கிளாரினெட் வாசிக்கிறவர்கள் வந்தால் உதட்டுப் பக்கம் ஊசியைக் கொண்டுபோகவே மாட்டார். இந்த மண்ணில் அப்படிப்பட்டவர்கள் நிறைய வருவார்கள் அல்லவா! இன்னொன்று, வெற்றிலை பாக்கு, பான் மசாலா போட்டுப் போட்டு வாயின் உட்பக்கம் வெளுத்து இறுகி, திறக்க முடியாமல் போகிறதே, அது வேறு வியாதி. புற்றுநோயில் கொண்டுபோய்விடக்கூடியது. அப்படி இருந்தால் ஊசியைப் பற்றி யோசிக்காமல் வாயைக் காட்டி உடனே சோதித்துக்கொள்ளுங்கள்.

2020 டிசம்பர் 28-ல் மாயவரம், அதாவது மயிலாடுதுறை, தனி மாவட்டம் ஆகும்வரை எதற்கெடுத்தாலும் நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. பெரிய வைத்தியம் என்றால் ராத்திரி ரயிலேறி மெட்ராஸ். இன்றைக்குச் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, வான்கூவரில் வளர்ந்து, சியோலில் நுணுக்கம் கற்ற ஒரு வைத்தியத்தை, பள்ளிக்கூடம் விட்டதும் நடந்தே போய்ப் போட்டுக்கொண்டு, இரவுச் சமையலுக்கு வீடு திரும்ப முடிகிறது. எனக்கு அப்படியே பூரித்துப்போகிறது. செலவு யூனிட் கணக்கில் வரும், சில ஆயிரங்கள் ஆகும்தான். வருஷம் முழுக்க வலி மாத்திரைக்கும் உடைந்த பல்லுக்கும் கொடுத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரியில் துலா முழுக்குக்கு வருகிற கூட்டத்தில், மாசக் கடைசி நாளான கடைமுகம் வரை தெருவெல்லாம் அடைத்துக்கொள்ளும், கிளினிக்குக்குப் போய்ச் சேருவதே பாடு. அதற்கு முன்னாலேயே உங்கள் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, பழைய பல் எக்ஸ்ரே, நைட் கார்டு இருந்தால் அது, எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பல் கடிக்கிற சத்தத்தைக் கேட்கிறவர் வீட்டில் யாரோ, அவரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.